கடலில் ஓடிய புல்வெட்டு மிசின்

தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காலையில் பெரட்டு கலைந்து அரை மணி நேரம் ஆனதும் செம்பனை வரிசைகளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பும். முதலில் இரண்டு மூன்று இருமல். பிறகு மத்தியானம் வரைக்கும் ஓயாத அலறல். புல்வெட்டும் மிசின்தான். எங்கள் அப்பா அதை 22 வருடங்கள் முதுகில் சுமந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருக்கும். தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பார். ஐம்பது வயதுக்குள் காது மந்தமாகிவிட்டது. அம்மா அவரிடம் பேசுவது அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அதனால் எங்கள் வீட்டில் இரகசியம் என்பதே இருந்ததில்லை.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி வேலியோரம் புல் வெட்ட வந்தால் முதலில் எழுந்து போய் வகுப்பறைச் சன்னலைச் சாத்துவேன். பிள்ளைகளுக்குப் பாடம் கேட்காது என்பது ஒரு காரணம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது என்பதுதான் உண்மைக் காரணம்.

அப்படிப்பட்ட நான், பதினான்கு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போய், இங்கிலாந்தில் ஒரு கடற்கரையில் நின்று, அதே சத்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கேட்டுவிட்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்.

என் தம்பி சவுத்தாம்ப்டன் நகரத்தில் பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருக்கிறான். இருபத்திரண்டு வயதில் போனவன். கடைசியாக அவன் வீட்டுக்கு வந்தது 2014 இல். அப்பா 2020 ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். அப்போது நடமாட்டக் கட்டுப்பாடு. நாட்டின் எல்லைகள் மூடிக் கிடந்தன. தோட்டத்திலிருந்தவர்களே முழுதாக வந்து கூட முடியாத சாவு அது. தம்பி கைப்பேசியில்தான் பார்த்தான். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் 2022 இல் எல்லைகள் திறந்த பிறகும் அவன் வரவில்லை. "லீவு இல்லக்கா, அடுத்த வருசம் பார்க்கலாம்" என்பான். இதற்கிடையில் யாரோ ஒரு சொந்தக்காரப் பையன் கைப்பேசியில் ஒரு படத்தை அம்மாவிடம் காட்டிவிட்டான். தம்பி முழங்கால் அளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கையில் ஒரு சிவப்புப் பொம்மைப் படகு.

அம்மா அன்று சோறு சாப்பிடவில்லை. "பொம்மைப் படகு விட நேரம் இருக்கு, என்னை வந்து பார்க்க நேரம் இல்லியா? நீ போய்க் கேட்டுட்டு வா" என்றார். பயணச்சீட்டுக்குப் பணம் அனுப்பியது தம்பிதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2023 ஆகஸ்டு கடைசியில் விழுந்த பள்ளி விடுமுறையில் புறப்பட்டேன்.

இலண்டன் விமான நிலையத்திலிருந்து சவுத்தாம்ப்டனுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். டைட்டானிக் கப்பல் 1912 ஏப்ரல் 10 ஆம் தேதி கிளம்பிய துறைமுகம் அது. இன்றைக்கும் பத்து மாடி, பன்னிரண்டு மாடி உயரத்தில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. தம்பியின் வீடு இருக்கும் தெருவில் வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நீளமாக இருந்தன. நம் லயத்துக்குச் செங்கல் போட்டு மாடி வைத்தது போல. நம் லயங்களைக் கட்டிய துரைமார்கள் எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அன்று வெள்ளிக்கிழமை இரவு. பயணக் களைப்பில் நான் படுத்துவிட்டேன். ஒரு பத்து மணி இருக்கும். வீட்டின் பின்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று இருமல் கேட்டது. என் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. கனவு என்று நினைத்தேன். திரும்பவும் கேட்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், பின்கட்டுக் கொட்டகையில் தம்பி, வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர், அவருடைய பேத்தி, பதினான்கு பதினைந்து வயதுப் பெண். மூன்று பேரும் ஒரு சிவப்புப் படகைச் சுற்றி நிற்கிறார்கள். படகு நாலு அடி நீளம். மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்ததை எனக்கு அடையாளம் தெரிந்தது.

"இது அப்பா மிசின்லே!" என்றேன்.

"அதே சாதிதான்கா" என்றான் தம்பி.

வாசகர்களே, உண்மையிலேயே அதே சாதிதான். இந்தப் பந்தயக்காரர்கள் பெரும்பாலோர் வைத்திருப்பது ஸெனோவா என்னும் ஜப்பான் இஞ்சின். முன்பு கோமாட்சு நிறுவனத்தின் கையில் இருந்தது. 2007 இல் சுவீடனின் ஹஸ்க்வர்னா வாங்கிவிட்டது. புல்வெட்டும் மிசினுக்கும் மரம் அறுக்கும் மிசினுக்கும் இஞ்சின் செய்கிறவர்கள்தான் இதையும் செய்கிறார்கள். தம்பியின் படகில் இருந்தது 25.4 சி.சி. பிஸ்டனின் குறுக்களவு 34 மில்லிமீட்டர். நம் ஐம்பது காசைவிடப் பெரியது, அவ்வளவுதான். கயிற்றை இழுத்தால் கிளம்பும். பெட்ரோல் 25 பங்குக்கு எண்ணெய் 1 பங்கு கலக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிப் போகும். பழைய சிரப் போத்தலில் கோடு கிழித்து வைத்து அப்பா அளந்து கலப்பார். தம்பிதான் போத்தலைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

வேறுபாடுகளும் இருக்கின்றன. புல்வெட்டும் மிசினுக்குக் காற்றுத்தான் குளிர்ச்சி. படகு இஞ்சினுக்குத் தண்ணீர்: ஓடும் வேகத்தில் படகின் அடியில் இருக்கும் சிறு குழாய் தண்ணீரை அள்ளி இஞ்சினைச் சுற்றி அனுப்பிப் பக்கவாட்டில் பீச்சிவிடும். நம் மிசினில் கிளட்ச் உண்டு; மெதுவாக ஓடும்போது கத்தி சுற்றாது. படகில் அது கிடையாது. இஞ்சின் கிளம்பிய அதே நொடியில் பின்னால் இருக்கும் விசிறியும் சுற்றும். அந்த விசிறியை அரத்தால் தீட்டி வைத்திருக்கிறார்கள். விரல் பட்டால் விரல் போய்விடும். ஆகையால் ஒருவர் படகை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கயிறு இழுக்க வேண்டும். தனி ஆளாக இந்த விளையாட்டை விளையாட முடியாது. தாத்தா படகைப் பிடிப்பவர். தம்பி இஞ்சினைப் பார்ப்பவன். ஓட்டுவது பேத்தி.

அவர் பேத்தி ஓட்டுவதைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். "தாத்தாவுக்கு இப்போது தூரப் பார்வை சரியில்லை, எனக்குக் கை பதறும். இந்தப் பெண்ணுக்கு இரண்டும் நன்றாக இருக்கிறது" என்றான் தம்பி. கை பதறும் என்று அவன் சொன்னதும் நான் அவன் கைகளைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பந்தயத்துக்கு முன் படகை ஓட்டிப் பார்க்கும் நாள். நியூ ஃபாரஸ்ட் என்னும் காட்டின் வழியாகப் போனோம். 'புதிய காடு' என்று பெயர்; ஆனால் வில்லியம் மன்னன் 1079 இல் வேட்டைக்கென்று ஒதுக்கிய காடு அது. குட்டைக் குதிரைகள் நடுச்சாலையில் நின்றுகொண்டு காருக்கு வழி விட மாட்டேன் என்கின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஊர்க்காரர்களின் பழைய மேய்ச்சல் உரிமை இன்னும் செல்லுபடி ஆகிறது. தோட்டத்தில் நாம் வளர்த்த மாடுகளை எல்லாம் ஒவ்வொன்றாக விற்கச் சொன்ன காலம் எனக்கு ஞாபகம் வந்தது.

காட்டைக் கடந்தால் ரிங்வுட் என்னும் சிற்றூர். அதைச் சுற்றிலும் ஏரிகள். இயற்கை ஏரிகள் அல்ல. கட்டட வேலைக்காகச் சரளைக் கல்லும் மணலும் தோண்டி எடுத்த குழிகளில் தண்ணீர் நிறைந்தவை. நம் ஈயக்குட்டைகளின் உடன்பிறப்புகள் என்று சொல்லலாம். நம் ஊரில் ஈயக்குட்டை என்றால் பெற்றோர்களுக்கு வயிறு கலங்கும். எத்தனை பிள்ளைகளை அது விழுங்கியிருக்கிறது! நானே ஒரு மாணவனை அப்படி இழந்தவள். இங்கே கரையைச் சரித்து மரம் நட்டு, பறவைகளுக்கு ஒரு குட்டை, மீன் பிடிக்க ஒன்று, பாய்ப்படகுக்கு ஒன்று என்று ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது.

பந்தயக்காரர்களுக்கு இடம் கிடைப்பது எளிதன்று என்று தாத்தா சொன்னார். சத்தம்தான் காரணம். பக்கத்தில் வீடு வந்துவிட்டால் புகார் வரும். புகார் வந்தால் ஏரி போய்விடும். அதனால் ஒவ்வொரு படகிலும் பெரிய சைலன்சர். சிலர் மின்கலத்தில் ஓடும் படகுக்கு மாறிவிட்டார்கள். அதில் சத்தமே இல்லை, வேகமும் அதிகம் என்றார். "ஆனால்..." என்று சொல்லிக் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். கப்பல் பட்டறையில் நாற்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்தவர். அவருக்கும் ஒரு காது மந்தம்.

ஏரியில் அன்னப்பறவைகள் ஒதுங்கும்வரை காத்திருந்தோம். பிறகு தாத்தா இடுப்புவரை ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தம்பி கயிற்றை இழுத்தான். தாத்தா படகை முன்னால் எறிவது போல விட்டார். அது நீரில் விழவே இல்லை என்று சொல்லலாம். தொட்டுத் தொட்டுப் பறந்தது. மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் என்றார்கள். நம் பிள்ளைகள் மழை பெய்ததும் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி லொங்காங்கில் விட்டுப் பந்தயம் கட்டுவார்களே, அதைத்தான் நான் பொம்மைப் படகு என்று மனத்தில் வைத்திருந்தேன். இது அந்த வகையில்லை.

ரிமோட்டை என் கையில் கொடுத்தார்கள். படகு என்னைவிட்டு விலகிப் போகும்போது நன்றாகத்தான் ஓட்டினேன். அது திரும்பி என்னை நோக்கி வந்ததும் இடம் வலம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. நான் வலப்பக்கம் திருப்ப, அது என் இடப்பக்கம் நாணலை நோக்கிப் பாய்ந்தது. அந்தப் பெண் என் கையிலிருந்து ரிமோட்டைப் பறித்தாள். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தாலும் பறித்திருப்பேன். பழைய நாளில் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஓர் அலைவரிசை. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் திறந்துவிட்டால் ஒருவர் படகு மற்றவர் சொல் கேட்கும். அதற்காக வண்ணக் கொடி கட்டி முறை வைத்திருந்தார்களாம். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் அந்தத் தொல்லை இல்லை. அலை அறுந்துவிட்டால் இஞ்சின் தானாகவே வேகம் குறையும்படியும் வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். இஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவில் வளைகிற கம்பித் தண்டு ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் உருவி எடுத்துத் துடைத்துக் கிரீஸ் பூச வேண்டும். முதுகில் சுமக்கும் மிசினிலும் அதே தண்டுதான். அப்பா சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் நீட்டி, தண்டை மடியில் கிடத்தி, நுனியிலிருந்து கிரீஸ் பூசுவார். தம்பி கார் பின்கதவில் உட்கார்ந்து அப்படியே செய்தான். கால் நீட்டியதுகூட அப்படியே. அம்மா கேட்கச் சொன்ன கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது. தாத்தாவும் பேத்தியும் அருகில் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடல். சவுத்தாம்ப்டன் கழிமுகம் கடலோடு சேரும் இடத்தில் கால்ஷாட் என்று ஒரு நாக்கு நிலம் நீண்டிருக்கிறது. மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல். நடந்தால் பல் கூசும். ஒரு முனையில் எட்டாம் ஹென்றி மன்னன் 1540 இல் கட்டிய குட்டையான கோட்டை. கரையோரம் வரிசையாக வண்ணம் அடித்த மரக் குடில்கள். நீர்விமானங்களுக்கான ஷ்னைடர் கோப்பைப் பந்தயம் 1929 இலும் 1931 இலும் இங்கேதான் நடந்தது. அதில் வென்ற விமானங்களை வரைந்த மிட்செல் என்பவர்தான் பிறகு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தையும் வரைந்தார். எதிர்க்கரையில் ஒயிட் தீவு. அதில் கௌஸ் என்னும் ஊர் தெரிகிறது. அங்கிருந்து டார்க்கீ வரைக்கும் பெரிய விசைப்படகுப் பந்தயம் 1961 இல் தொடங்கியது. நம் ஆட்களின் நாலடிப் படகுகள் எல்லாம் அந்தப் பெரிய படகுகளின் குட்டிகள். அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவத்தில் இருக்கும். ரே ஹண்ட் என்ற அமெரிக்கர் வரைந்த வடிவம். 1960 மியாமி–நாசோ பந்தயத்தில் கொந்தளிப்பான கடலில் அந்த வடிவப் படகு மற்றவற்றை விட்டு ஓடிய பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. தட்டையான அடி அலையில் அறையும். கூரான அடி அலையை வெட்டிக்கொண்டு போகும்.

இந்தக் கடலில் இன்னொரு விசேஷம். மற்ற ஊர்களில் கடல் ஏறியதும் இறங்கத் தொடங்கும். இங்கே ஏறி, சற்றே தயங்கி, மறுபடி ஏறுமாம். ஆகையால் உச்ச நீர் வெகுநேரம் அப்படியே நிற்கும். பெரிய கப்பல்களுக்கு இந்தத் துறைமுகம் பிடித்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பந்தயத்தையும் அந்த நேரம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். ஆகஸ்டு மாதம் கோடைக்காலம் என்று சொன்னதை நம்பிப் போன எனக்குக் குளிரில் தாடை அடித்துக்கொண்டது. தாத்தாவின் மனைவியுடைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் இப்போது இல்லை.

பந்தயம் அரை மணி நேரம். கடலில் மிதவைகள் போட்டிருக்கும். அவற்றைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். யார் அதிகச் சுற்று ஓடினாரோ அவர் முதல். நின்றுபோன படகைக் கொண்டுவர இரண்டு ஆட்கள் ரப்பர் படகில் காத்திருப்பார்கள். சுற்றுகளை யார் எண்ணுவது? அந்தப் பந்தயத்தில் ஓடாத குழுக்காரர்கள், ஆளுக்கு ஒரு படகாக எண்ண வேண்டும். முதல் பந்தயத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. தம்பி என்னைக் காட்டி, "ஆசிரியை, எண்ணத் தெரியும்" என்றான். மேசை போட்டு, பென்சில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் மஞ்சள் படகுக்கு அரை மணி நேரம் கோடு போட்டேன். வருகைப் பதிவேட்டில்கூட அவ்வளவு பயந்து கோடு போட்டதில்லை. ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. எல்லாம் சேர்ந்து நாற்பத்திரண்டு. படகுக்காரர் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மூன்றாவது பந்தயம் நம்முடையது. பதினொரு படகுகள். கொம்பு ஊதினார்கள். பதினொரு புல்வெட்டு மிசின்கள் ஒரே நேரத்தில் அலறினால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நான் வழக்கம்போல் காதைப் பொத்திக்கொண்டேன். தம்பி பொத்தவில்லை. கண்ணைக்கூட மூடிக்கொண்டான். கூட்டத்தில் தன் பிள்ளையின் அழுகையைத் தாய் தேடுவது போல, பதினொரு சத்தத்தில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். வெட்கமாக இருந்தது, கையை எடுத்துவிட்டேன்.

முதல் பத்து நிமிடத்தில் நாங்கள் ஐந்தாவது. அப்புறம் கௌஸுக்குப் போகும் கார்க்கப்பல் ஒன்று தூரத்தில் கடந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கப்பல் போய் வெகுநேரம் கழித்து அதன் அலை கரைக்கு வந்தது. அந்தப் பெண் அதை எதிர்பார்த்திருந்தாள். அலை வரும் முன்பே வேகத்தைக் குறைத்தாள். முன்னால் போன இரண்டு படகுகள் குறைக்காமல் ஏறி, ஒன்று மல்லாந்து கவிழ்ந்தது, மற்றொன்று இஞ்சினில் தண்ணீர் புகுந்து நின்றது. நாங்கள் மூன்றாவது. தாத்தா தண்ணீரில் நின்றபடியே கையை உயர்த்தினார்.

பத்தொன்பதாவது நிமிடம். எனக்கு ஏனோ உடம்பு கூசியது. என்னவென்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அப்பாவின் மிசின் மூடியில் புல் அடைத்துக்கொண்டால் சத்தம் கொஞ்சம் வறளும். ஈரம் போன குரல் போல ஆகும். அம்மா அடுப்படியிலிருந்தே, "அப்பாவை நிறுத்தச் சொல்லு, சூடேறுது" என்று என்னை ஓடவிடுவார். அந்தச் சத்தம் கேட்டது.

"தம்பி, மிசின் சூடேறுது" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். உடனே அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக் கரையைக் காட்டினான். படகு ஓரம் வந்தது. பக்கவாட்டில் பீச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை. அடிக்குழாயின் வாயில் ஒரு துண்டுக் கடற்பாசி, நம் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, அடைத்துக்கொண்டிருந்தது. தம்பி அதை ஊசியால் எடுத்தான். இஞ்சினைத் தொட்டுக் கையை உதறினான். ஆறும்வரை இரண்டு நிமிடம் காத்திருந்து, மறுபடி கயிறு இழுத்தார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் நான்கு படகுகள் முந்திவிட்டன. கடைசியில் ஏழாவது.

ஏழாவதற்குப் பரிசு கிடையாது. ஆனாலும் தாத்தா வந்து, "இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் இஞ்சின் போயிருக்கும். எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார். எங்கள் அப்பா புல்வெட்டும் வேலைக்காரர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்; அங்கே அதைச் சொல்ல எனக்குத் தோன்றியது. இத்தனை வருடம் ஆசிரியையாக இருந்து ஒரு கூட்டத்தில் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அன்றிரவு கொட்டகையில் தம்பி தண்டுக்குக் கிரீஸ் பூசும்போது கேட்டுவிட்டேன். "ஏன்டா வரல?"

பதில் வர நேரமாயிற்று. "அப்பா இல்லாத வீட்டுக்குள்ள எப்படிக்கா நுழையிறது? நீங்கல்லாம் தூக்கினீங்க, எரிச்சீங்க, கரைச்சீங்க. உங்களுக்கு அது முடிஞ்சிடுச்சு. எனக்கு அவரு இன்னும் வேலைக்குப் போன மாதிரியே இருக்கு. இந்தச் சத்தத்தைக் கேட்டா, இன்னும் திரும்பி வரல, அவ்வளவுதான்னு தோணுது."

நான் அவனுக்குச் சொல்வதற்கென்று எவ்வளவோ தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் உதவவில்லை. கிரீஸ் டப்பாவை மூடினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான். "அக்கா, அப்பா மிசினு என்னாச்சு?"

"அடுப்படிக்குப் பின்னால இருக்கு. பழைய இரும்புக்காரன் மூணு தடவை கேட்டுட்டான். அம்மா கொடுக்க மாட்டேங்குறாங்க."

"எனக்கு வேணும்."

"படகுல போடவா?"

"இல்லக்கா. ஒரு தடவை முழுசா கழற்றிப் பார்க்கணும். அப்பா என்னை ஒருநாளும் கழற்றவிட்டதில்ல."

திரும்பி வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மிசின் மேல் போட்டிருந்த சாக்கு துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை அனுப்பிவைக்கலாம் என்று பட்டணத்துக்குப் போய் விசாரித்தேன். பெட்ரோல் ஓடின இஞ்சின் என்றால் சாதாரணப் பார்சலாக விமானத்தில் ஏற்ற மாட்டோம், அதற்கு வேறு விதிமுறைகள் இருக்கின்றன என்றார்கள். டாங்கியைக் கழுவி, சான்று வாங்கி, பெட்டி கட்டி என்று என்னென்னவோ சொன்னார்கள். இதைத் தம்பியிடம் கைப்பேசியில் சொன்னேன். எதிர்முனையில் பேச்சில்லை. பிறகு, "அப்படின்னா அங்கேயேதான் கழற்றணும்" என்றான்.

தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் வருகிறான். சீட்டு எடுத்துவிட்டான். அதற்குள் துருப்பிடிக்கக் கூடாதல்லவா? ஞாயிற்றுக்கிழமை தோறும் மிசினை வாசற்படிக்கு எடுத்து வந்து, தண்டை உருவி, துடைத்து, கிரீஸ் பூசி வைக்கிறேன். நுனியிலிருந்து பூச வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்.